பெயரின் முன்பாதி

ஒரு பெயரின் அர்த்தத்தை நான் ஒளித்து வைத்திருந்தேன். தை மாதக் குளிரில் ஒளித்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்கவில்லை. எனக்குப் பத்து வயது. சீனியோ சில்லறையோ களவெடுத்திருந்தால் அடி வாங்கி அன்றைக்கே மறந்திருப்பேன். அர்த்தத்தைக் களவெடுத்தவளை அடிக்க யாருக்குத் தெரியும்?

உங்களுக்குத்தான் சொல்கிறேன், பாரிஸ் லாச்சப்பலில் என்னோடு வளர்ந்தவர்களே. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனதும் நிறுத்திய சொல்லிலிருந்தே தொடங்குகிற பழக்கம் உங்களுக்கு இன்னும் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இப்போது நான் இருக்கிற தெருவில் மெத்ரோவே இல்லை. ஆனாலும் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறேன். நாமெல்லாம் வளர்ந்துவிட்டோம். இனியாவது விட்ட சொல்லிலிருந்து தொடங்கலாம்.

பத்து வயதில் நமக்கெல்லாம் ஒரே வேலை. அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவே நின்றோம். அப்பாவுக்கும் பப்பியே, அதாவது பத்திரங்கள், கேட்கிற கந்தோர்க்காரருக்கும் நடுவே நின்றோம். பெரியவர்கள் நம் தொண்டைக்குள்ளால் பேசிக்கொண்டார்கள். எதைக் கடத்துவது, எதை விழுங்குவது என்று முடிவெடுத்தது நாம். வகுப்பு ரீச்சர் வீட்டுக்குச் சொல்லியனுப்பிய முறைப்பாட்டை நீங்களும் விழுங்கியிருப்பீர்கள். நான் விழுங்கியது ஒரு பெயர்.

எங்கள் கட்டடம் ரூ லூயி-பிளாங் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி. வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. லோஜ் என்போம். அதற்குள்தான் கார்தியன் குடியிருந்தார்: படி கழுவி, குப்பைத்தொட்டி இழுத்து, வருகிற கடிதங்களை மாடிமாடியாகப் பிரித்து, கட்டடத்தைக் கட்டி மேய்த்த ஸ்பெயின் நாட்டுப் பெண். கதவில் ஒரு மட்டைத் துண்டு. அதில் நீல மையில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு சொல். டொலோரெஸ்.

அப்பா சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில். அம்மா கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு ஏழு மணிக்கு வருவார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஏழு மணி வரை நான் லோஜில். மூன்று வருடமாக அப்படி. தரை கழுவுகிற ஜவெல் தண்ணீர் மணமும் வதக்கிய உள்ளி மணமும் ஈரத் துடைப்ப மணமும் சேர்ந்த ஒரு காற்று அங்கே இருந்தது. இன்றைக்கும் யாராவது படி கழுவினால் எனக்குப் பசிக்கும். கார்தியன் கொஞ்சுகிற ஆள் இல்லை. சப்பாத்தைத் துடைக்காமல் உள்ளே கால் வைத்தால் தும்புத்தடியைக் குறுக்கே நீட்டுவார். ஆனால் கடிதம் பிரிக்கும்போது என்னைக் கூப்பிடுவார். நம் ஆட்களின் பெயர்கள் உறையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நீண்டு வருமே, அதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு கேட்பார்: “இந்த ரயில் எந்த மாடியில் நிற்கும்?”

“நாலாம் மாடி, இடப்பக்கம்” என்பேன்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. அரசாண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன். அம்மா கறிச்சட்டியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“அர்த்தமெண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. எண் பாத்து வச்சது. அஞ்சு வருது. வடிவான பேர்தானே.”

சிரிக்காதீர்கள். உங்கள் பெயரும் அப்படித்தான். ஊரில் சாத்திரியார் சொன்ன ஒரு எழுத்து, பிரெஞ்சுக்காரர் வாயில் சிக்காத ஒரு நடு, கூட்டினால் நல்ல எண் வரும்படி ஒரு வால். அர்த்தம் வைக்க இடம் எங்கே இருந்தது? மறுநாள் போய்ச் சொன்னேன். கார்தியன், “நல்லதுதான் குட்டி. சுமை இல்லாத பெயர்” என்றார். அன்பாகத்தான் சொன்னார், இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது என் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. சுமை இல்லாதவளை யார் இறக்கிவைக்கச் சொல்வார்கள், யார் உட்காரச் சொல்வார்கள்?

அன்றுதான் தன் பெயரைச் சொன்னார். அவருடைய ஊரில் பெண் பிறந்தால் மரியா. ஆனால் அது கடவுளின் தாயின் பெயர், வெறும் வாயால் கூப்பிட மாட்டார்கள். அதோடு, பல்கனியில் நின்று மரியா என்று கத்தினால் தெரு முழுவதும் அண்ணாந்து பார்க்கும். ஆகவே மாதாவுக்கு இருந்த பட்டங்களை எல்லாம் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார்கள். பனி மாதா, தூண் மாதா, தனிமை மாதா, துக்கங்களின் மாதா. ஞானஸ்நானத்தில் இரண்டும் எழுதுவார்கள். பிறகு மரியாவைக் கோயிலில் விட்டுவிட்டு மற்றதை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

“என் அக்காவுக்குப் பனி விழுந்தது, நியேவெஸ். எனக்கு இது. டொலோரெஸ். எங்கள் மொழியில் டொலோர் என்றால் வலி, துக்கம். எனக்கு ஒன்றோடும் விடவில்லை, பார். துக்கங்கள்.”

ஏழு என்று விரல் மடக்கினார். அந்தத் தாய் பட்டவை ஏழு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது ஒன்று. சனத்திரளில் மகனை மூன்று நாள் தொலைத்தது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரியின் கதை சொல்வதுபோல, உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். குருத்தோலைக்கு முந்திய வெள்ளி டொலோரெஸ்களின் நாள். அவர் ஊர்க் கோயில் வாசலில் ஒரு நீள வாங்கு உண்டு. அன்றைக்கு ஊரில் இருக்கிற டொலோரெஸ் எல்லோரும், கிழவி முதல் கைக்குழந்தை வரை, அதில் வரிசையாக இருப்பார்கள். சனம் வந்து வாழ்த்திவிட்டுப் போகும். பதினொரு பேர் இருந்த வாங்கில் அவர் கடைக்குட்டி. பாரிஸில் அவர் ஒருத்தி. வருடாவருடம் அந்த வெள்ளியில் லோஜ் வாசலில் இரண்டு கதிரை போடுவார். ஒன்று தனக்கு. மற்றது, எப்போதாவது இந்தக் கட்டடத்துக்கு ஒரு டொலோரெஸ் குடிவந்தால், அவளுக்கு. கடித உறைகளில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். வந்ததில்லை.

இரண்டு வருடமாக அந்தக் கதிரையில் இருந்தது நான். சும்மா கிடந்தது, ஏறி இருந்தேன், அவர் எழுப்பவில்லை. எழுப்பாததை நான் தந்ததாக எடுத்துக்கொண்டேன்.

ஊரில் போர் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து, தை மாதத்தில், மாமா வந்து சேர்ந்தார், அம்மாவின் அண்ணை. கூடவே அவர் மகள், எனக்கு மச்சாள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாமா அந்த நாளில் மன்னாருக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு வேதக்காரப் பெண்ணை, கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டினவர். அந்த மாமி வரவில்லை. வன்னியில், கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் அவரை விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் இதற்கு மேல் ஒரு சொல் பேசப்படவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

மாமாவுக்குப் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் நாலு பேரோடு ஒரு அறை கிடைத்தது. மச்சாள் எங்களோடு. என் கட்டில் அவளுக்கு, எனக்குக் கீழே மெத்தை. என் சிவப்புக் கோட் அவளுக்கு, எனக்குப் போன வருடத்துப் பழசு. மீன் பொரித்தால் நடுத்துண்டு அவளுக்கு. இதெல்லாம் தாங்கினேன், மெய்யாகவே. தாங்காதது அம்மாவின் கைகள். எனக்கு அம்மா தலை இழுத்துவிடுவது அவசரத்தில், சிக்கோடு சேர்த்துப் பிடுங்கி, பஸ் போய்விடும் என்று ஏசிக்கொண்டு. அவளுக்கு எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து தொடங்கி, ஒரு முடி நோகாமல். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நன்றிகூட இல்லை. நான் மெத்தையில் படுத்தபடி அந்தச் சீப்பு இறங்குவதைப் பார்த்திருப்பேன். கண்ணை மூடினாலும் சத்தம் கேட்கும்.

வந்த முதல் நாள் சாப்பாட்டில்தான் அது நடந்தது. மாமா மகளைக் கூப்பிட்டார், “வியாகுலம், தண்ணி எடுத்தா.” அவள் முழுப்பெயர் வியாகுலமேரி. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அண்ணை, அந்தப் பேர் இந்த வீட்டிலை வேண்டாம். பட்டது காணும். இனி மேரி எண்டு கூப்பிடுவம்.”

மாமா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சரி என்றார். மச்சாள் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள், ஒரே ஒரு தரம். பிறகு தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள்.

ஊர்ப் பெயர்களைப் பாதியாக வெட்டுவது நமக்குப் புதிதில்லை. நாக்குக்கு நீளம் என்று வெட்டுவோம், பப்பியேயில் இடம் இல்லை என்று வெட்டுவோம். அநேகமாக வாலைத்தான் வெட்டுவது. இங்கே தலை போயிற்று. மறுநாள் அம்மாவிடம் வியாகுலம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“துக்கம். மனம் கிடந்து பதறுறது. வேதக்காரர் மாதாவை நினைச்சு வைக்கிற பேர். ஏழு துக்கமாம். போய்ப் படி.”

ஏழு. மடங்கிய விரல்கள் எனக்கு உடனே தெரிந்தன. இரண்டு கதிரைகளும் தெரிந்தன. இவள் என் கட்டிலில் படுத்தாள், என் கோட்டைப் போட்டாள், இப்போது படியிறங்கிப் போய் அதிலும் இருக்கப் போகிறாள். அதுவும் என்னைப்போல ஏறி இருக்கத் தேவையில்லை. பெயரோடு வந்திருக்கிறாள்.

நாலு நாள் அவளை லோஜுக்குள் விடாமல் படியில் இருத்தி, நான் மட்டும் உள்ளே போனேன். ஐந்தாம் நாள் கார்தியன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளை விறைக்கிறது, உனக்கென்ன பைத்தியமா என்று என்னை ஏசி, அவளை உள்ளே கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினார். பெயரைக் கேட்டார். நான் சொன்னேன், மேரி. அதாவது பிரெஞ்சில் மரி.

அவர் முகம் மாறியது. “மரி மட்டுமா? மரி மட்டும் என்று ஒருத்தியும் கிடையாது. கூட என்ன வருகிறது, கேள்.”

கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் வந்த நாளிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

“வியாகுலம். வியாகுலமேரி. அம்மா ஏழு மாதத்திலை நோ கண்டு கோயிலிலை விழுந்து கும்பிட்டவவாம், பிள்ளை தங்கினால் உன்ர பேர் வைப்பன் எண்டு. அம்மா வச்ச பேர். அவவுக்கு அப்பிடிச் சொல்லு.”

நான் கார்தியன் பக்கம் திரும்பினேன். “ஒன்றுமில்லை. மரி மட்டும்தானாம்.”

அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. அவர் எழுந்து போய்விட்டார். மச்சாள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது.

“நான் சொன்னது இவ்வளவு சின்னதோ?” என்றாள்.

“பிரெஞ்சிலை எல்லாம் சின்னனாத்தான் வரும்” என்றேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெயரை மறித்துவிட்டால் ஆளை மறித்த மாதிரி என்று. இல்லை. மச்சாளுக்குப் பேச்சு தேவைப்படவே இல்லை. ஒரு நாள் கார்தியன் படி கழுவும்போது இவள் வாளியின் மறுகாதைப் பிடித்தாள். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் கழுவினார்கள், மேல் மாடியிலிருந்து கீழே, ஒருவர் ஊற்ற ஒருவர் தள்ள. மூன்று வருடத்தில் என்னைத் துடைப்பத்தைத் தொட விட்டதில்லை. சின்னக் கை, படிக்கிற கை என்பார். அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சின்னக் கைகளோடு படியோரம் நின்றேன், ஈரத்தில் மிதிக்காதே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில், இரண்டு மொழியில், எனக்குச் சொன்னார்கள்.

பொறாமை எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைச் சொல்வேன். நீங்கள் ஒரு வீட்டுக்குப் பாலமாக இருக்கிறீர்கள். ஒரு நாள் பார்த்தால் ஆறு வற்றிவிட்டது. அவரவர் நடந்து கடக்கிறார்கள். பாலம் மட்டும் மேலே நிற்கிறது, மினுக்கி, வண்ணம் பூசி.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கியது. கார்தியன் சூடான மினுக்கியால் துணி மினுக்கிக்கொண்டே செபமாலை சொல்வார். மாதா மந்திரத்துக்கு இரண்டு பாதி உண்டு, ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. அவர் தனியாளாக இரண்டையும் சொல்லிவந்தவர். அன்றைக்கு முன்பாதியை ஸ்பானிய மொழியில் சொல்லி மூச்செடுத்தார். மூலையிலிருந்து பின்பாதி தமிழில் வந்தது. கார்தியன் மினுக்கியை நிறுத்தினார். ஆவி மட்டும் மேலே போனது. பிறகு மறுபடி முன்பாதி சொன்னார். மறுபடி பின்பாதி வந்தது. ஐம்பது தரம். மச்சாள் அலுமாரிக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னாள்: ஒரு பெண், நெஞ்சில் ஏழு வாள். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இவள் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

முடிந்ததும் இரண்டு பேரும் சிலுவை போட்டார்கள். நானும் போட்டேன். கை மாறிப் போட்டுவிட்டேன். கார்தியனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அடக்கினதுதான் சுட்டது. வீட்டுக்கு வந்து, எனக்கும் மேரி என்று ஒரு பெயர் சேர்க்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். “விசரே உனக்கு?” என்றார் அம்மா. சுவாமிப் படத்தடிக்குக் கூட்டிப்போய் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார், மூன்று விரலால், நல்ல அழுத்தமாக.

பங்குனியில் ஒரு செய்தி வந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர்கள் வாசலுக்கு இலக்கப் பூட்டும் சுவரில் கடிதப் பெட்டிகளும் போடப் போகிறார்கள். இனிக் கார்தியன் வேண்டாம். ஆனி முடிய அவர் ஓய்வு வாங்கிக்கொண்டு அக்காவிடம் போகிறார். அந்த வருடத்து வெள்ளிதான் கடைசி வெள்ளி. அன்றைக்கும் தன் பக்கத்தில் வெற்றுக் கதிரைதான் என்று அவர் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் இருக்கிறேனே என்றேன். “நீ இருக்கிறாய்” என்றார். அந்தக் குரலை இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஆறுதல் சொல்கிற குரல் அது. எனக்குச் சொன்ன ஆறுதல்.

உண்மையை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாவத்துக்குப் பயந்து கடைசியில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாய் வந்த பிள்ளைகளுக்கென்று மச்சாளின் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு. அங்கே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், வட்டவட்டமாக முகங்கள் வரைந்து கீழே சொல் எழுதியது. சந்தோசம், பயம், கோபம். ஐந்தாவது முகம் அழுதது. அதற்குக் கீழே இருந்த பிரெஞ்சுச் சொல் டொலோரெஸின் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது. அவள் அதைச் சமையலறையில் சத்தம் போட்டுப் பாடமாக்கினாள். இன்றைக்கோ நாளைக்கோ இவளே தன் வாயால் சொல்லிவிடுவாள். சொன்னால் எல்லாம் அவளுடையது. நான் சொன்னால், குறைந்தது, கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை. பாண் துண்டுகளைப் பாலில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவி இரண்டு தட்டு அடுக்கியிருந்தார் கார்தியன். லோஜ் வாசலில் இரண்டு கதிரை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இருந்துவிட்டேன். இரண்டாம் மாடிப் பிரெஞ்சு மதாம் பூக்கொத்தோடு வந்தார். நாலாம் மாடி போன் கடை அண்ணை, தன் மூன்று பிள்ளைகளோடு வந்து, வாழ்த்தைப் பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தார். மச்சாள் தட்டை ஏந்திக்கொண்டு சுற்றிவந்தாள். கார்தியன் கறுப்புச் சட்டை போட்டு, காதில் சின்னத் தோட்டோடு, வந்தவர்களிடமெல்லாம் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “இவள் டொலோரெஸ் இல்லை. ஆனால் மூன்று வருடமாகக் கூட இருக்கிறாள்.”

அது எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் மச்சாள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டை நீட்டிப் பிரெஞ்சில் வாழ்த்துச் சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கடைசியில் டொலோரெஸ் என்றாள். அந்தச் சொல்லை மட்டும் அவள் தடுக்கி விழாமல் சொன்னாள்.

“அவளுடைய பெயரும் அதுதான்” என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“மரி மட்டும் இல்லை. முன்னுக்கு ஒன்று இருக்கிறது. தமிழில் அதுதான் டொலோரெஸ். அதே ஏழு. முதல் நாளே சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்லவில்லை.”

கார்தியன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் அணைத்திருப்பார், எல்லாம் என்னைப் பற்றியதாகியிருக்கும். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை.

“எழும்பு” என்றார்.

எழும்பினேன். மச்சாளின் கையிலிருந்த தட்டை என் கையில் வைத்தார். அவளைக் கதிரையில் இருத்தி, முன்னால் குனிந்து, முழுப்பெயரையும் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். ழகரம் இல்லாத பெயர், ஸ்பானிய வாய்க்கு அப்படியே பொருந்தியது. பிறகு படிக்கட்டடிக்குப் போய், அண்ணாந்து, ஐந்து மாடிக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்:

“வியாகுலம்! வியாகுலம் வந்திருக்கிறாள்!”

தெருக்கதவு திறந்துகொண்டது. அம்மா. கையில் வேலைப் பை, தலையில் துவாலை. வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். அந்தப் பெயரைக் கேட்டு வாசலிலேயே நின்றார்.

“ஆர் அந்தப் பேரைச் சொன்னது?”

கார்தியன் அவரை நோக்கி வந்தார். நாங்கள் குடிவந்த ஐந்து வருடமாக வணக்கமும் சரியும் தவிர இரண்டு பேரும் பேசியதில்லை. என்னைப் பார்க்காமலே, “அம்மாவுக்குச் சொல்” என்றார்.

“பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வேலைக்காரியாக வந்தேன். வீட்டு மதாம் சொன்னாள், டொலோரெஸ் வேண்டாம், துக்கமான பெயர், இங்கே வேலைக்காரிகள் எல்லோரும் மரிதான் என்று. பதினான்கு வருடம் என்னை மரி என்றார்கள். என் அம்மா செத்தபோது தந்தி டொலோரெஸுக்கு வந்தது. அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல், அப்படியே சொல்.”

ஒரு சொல்லும் விழுங்காமல் சொன்னேன். பிரெஞ்சில் இருந்ததைவிடத் தமிழில் நீளமாக வந்தது.

அம்மா வேலைப் பையைக் கீழே வைத்தார். அம்மாவுக்குச் சகுனப் பயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மாமாகூட அப்படித்தான் நினைத்தார்.

“அவவுக்குச் சொல்லு,” என்றார் அம்மா. “நான் இந்தப் பிள்ளையின்ர பேரை ஒரு நாளும் கடுதாசியிலை வாசிக்கேல்லை. டெலிபோனிலைதான் கேட்டனான். ஒவ்வொரு முறையும் இவளின்ர தாய் என்னோடை கதைச்சு முடிய, வியாகுலம், ஓடி வா, மாமியோடை கதை எண்டு கூப்பிடுவாள். எனக்கு அது பேரில்லை. அவளின்ர குரல். என்ர வாயாலை வராது எண்டு சொல்லு.”

சொன்னேன். கார்தியன் தலையசைத்தார். தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைச் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கதிரையில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்து, வந்தவர்களின் வாழ்த்தை வாங்கிக்கொண்டிருந்தாள். போன் கடை அண்ணையின் கடைசிப் பிள்ளை அவளுக்கும் கைகொடுத்தது.

நான் தட்டோடு நின்றேன். கொடுத்தவள் நான் என்று யாருக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து படியேறும்போது அம்மா கீழே கார்தியனோடு நின்றுவிட்டார். நானும் மச்சாளும் மட்டும். அவள் சிவப்புக் கோட்டைக் கையில் போட்டிருந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேட்டேன், அவவின்ர பேரும் உன்ர பேரும் ஒண்டெண்டு உனக்கு இண்டைக்குத்தானே தெரியும் என்று.

“முதல் நாளே தெரியும். படத்துக்குக் கீழை இருந்த அதே சொல்தானே கதவு மட்டையிலையும். வியாகுல மாதாவை எனக்குத் தெரியாதோ?”

“அப்ப நான் பொய் சொன்னனான் எண்டும் தெரியும்.”

“ஓம்.”

“பேந்து ஏன் பேசாமல் இருந்தனீ? கையைக் காட்டியெண்டாலும் சொல்லியிருக்கலாம்.”

அவள் ஒரு படி ஏறினாள். யோசித்துத்தான் சொன்னாள்.

“உன்ர கட்டில் என்னட்டை. உன்ர கோட்டு என்னட்டை. மாமி எனக்குத்தான் தலை இழுத்துவிடுறா. உனக்கு அந்தக் கதிரை ஒண்டுதானே மிச்சம். அதையும் எடுக்கிறதோ எண்டு இருந்திட்டன்.”

அதுவரை எனக்கு வந்த பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை. கட்டிலை, கோட்டை, கதிரையைத் திருப்பி வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது? எல்லாம் தொலைத்துவிட்டு வந்தவள், எனக்கு மிச்சம் வைத்திருக்கிறாள், மூன்று மாதமாக, ஒரு முகக்குறி காட்டாமல். நான் இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினேன். வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். அவளிடம் கதவுத் திறப்பு இல்லை.

தட்டுவாள் என்று நின்றேன். தட்டினால் திறக்கக் கூடாது என்று நின்றேன். காலடி கதவு வரை வந்து நின்றது. தட்டவில்லை. அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. மேல்படியில் இருக்கிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பாலத்தில் நாலைந்து மெத்ரோ போயின. எனக்காகப் பொறுத்துக்கொண்டு ஒருத்தி வெளியே இருக்கிறாள் என்பதை அதற்கு மேல் ஒரு நிமிடம் என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தேன். அன்பால் திறந்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

“வியாகுலம்” என்றேன். “உள்ளுக்கு வா.”